சேலத்தில் ஒரு சின்ன மென்னோனைட் சபையில் சேர: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை மாறியோ கல்யாணமாகியோ சேலத்துக்கு வந்து, இங்கே மென்னோனைட் சபை ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மென்னோனைட் என்பது தானாக விளங்கிக் கேட்கிறவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுக்கிற, சண்டையையும் சத்தியம் செய்வதையும் ஒதுக்குகிற ஒரு கிறிஸ்தவப் பிரிவு. பெரிய சபைகளில் ஆபீஸ் இருக்கும், கிளார்க் இருப்பார். எதற்கு எந்தப் படிவம் என்று கேட்டால் சொல்லிவிடுவார். பத்துப் பதினைந்து குடும்பம் கூடுகிற சின்ன சபையில் அப்படி எதுவும் கிடையாது. யாரைக் கேட்பது, என்ன கடிதம் வாங்குவது, எவ்வளவு நாளாகும் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. இதனால் எங்கள் குடும்பம் பட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. உங்களுக்கு அது வேண்டாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சேர்வதற்குப் பணம் பெரிதாக ஆகாது, நேரம்தான் ஆகும். ஏறக்குறைய ஓர் ஆண்டு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காகித வேலைகளை அந்த ஆண்டின் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். முதல் மாதமே ஆரம்பித்துவிடுங்கள்.

1. எந்த வகை மென்னோனைட் என்று கேட்டுக்கொள்ளுங்கள்

இந்தியாவில் மென்னோனைட் சபைகள் அதிகம் இருப்பது தெலங்கானா, சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம்தான். மகபூப்நகர் வட்டாரத்திலிருந்தோ தம்தரியிலிருந்தோ வருகிறவர்கள் அங்கே பார்த்த பெரிய சர்ச் கட்டடம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியை இங்கே எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவார்கள். இங்கே கூடுவது வாடகை ஹாலில், இல்லையென்றால் ஒருவர் வீட்டு மாடியில். வாசலில் போர்டுகூட இருக்காது.

மென்னோனைட் என்று சொல்லிக்கொள்கிற எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சிலர் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்பார்கள், சிலர் தலையில் ஊற்றுவார்கள். சில சபைகளில் கீபோர்டு, தபேலா எல்லாம் உண்டு. சிலவற்றில் வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில்தான் பாட்டு. பெண்கள் முக்காடு போடுவதும் அப்படித்தான். ஆகவே போவதற்கு முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். ஞானஸ்நானம் எப்படிக் கொடுக்கிறீர்கள்? வேறு சபையில் வாங்கிய ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொள்வீர்களா? திருவிருந்தில், அதாவது அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனையில், வெளியாள் கலந்துகொள்ளலாமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கூகிளில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது, அங்கே மென்னோனைட்டுகளும் இருக்கிறார்கள். தேடினால் அவர்கள் முகவரிதான் வந்து நிற்கும். நீங்கள் ஏற்கனவே போய்க்கொண்டிருக்கும் சபையின் போதகரிடம் சொல்லி, இங்கே இருக்கும் மூப்பரிடம் (சபையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் மூத்தவர்) ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

2. முதல் ஞாயிறு

எங்கள் ஆராதனை காலை பத்து மணிக்கு. கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுங்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஜமக்காளத்தில் உட்கார வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவது பழக்கம். பெண்கள் முந்தானையாலோ துப்பட்டாவாலோ தலையை மூடிக்கொள்வார்கள். புதிதாக வந்தவரை யாரும் இதற்காகக் கண்டிக்க மாட்டார்கள்.

மைக் கிடையாது, வாத்தியம் கிடையாது. ஒருவர் முதல் அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் குரல் பிரித்துப் பாடுவார்கள். பாட்டுப் புத்தகம் அங்கேயே தருவார்கள். வேதாகமம் மட்டும் உங்களுடையதை எடுத்து வாருங்கள். வாசிப்பது பழைய திருப்புதல் என்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பு என்பதால் வேறு மொழிபெயர்ப்பு வைத்திருந்தால் சேர்ந்து வாசிக்கும்போது தடுமாறும்.

பிரசங்கம் முடிந்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். இங்கே அதற்கு அப்புறம்தான் முக்கியமான பகுதி. கேட்ட வசனத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் இரண்டு வார்த்தை சொல்லலாம், புரியாததைக் கேட்கலாம், போதகர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதையும் மரியாதையாகச் சொல்லலாம். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிற ஒரு பெரியவர் வாரம் தவறாமல் ஏதாவது கேட்பார். போதகர் பதில் சொல்லத் தெரியாமல் "அடுத்த வாரம் சொல்றேங்கய்யா" என்று சொன்னதும் உண்டு. எனக்கு இந்தச் சபையில் முதலில் பிடித்துப்போனது அதுதான். நீங்கள் முதல் சில வாரம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அப்புறம் ஜெபக்குறிப்பு. யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வேலை போய்விட்டது, எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். இங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது, வாட்ஸ்அப்பிலும் போடக் கூடாது. படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பண்டம் வரும். முதல் ஞாயிறு நீங்கள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், ஆனால் சாப்பிடாமல் கிளம்பிவிடாதீர்கள். ஆராதனைக்கு வந்துவிட்டுச் சாப்பாட்டுக்கு முன் போய்விடுகிறவரை இந்தச் சபைக்கு எப்படித் தெரிந்துகொள்வது என்றே தெரியாது. மூப்பர் உங்கள் ஊர், வேலை, குடும்பம் எல்லாம் கேட்பது பந்தியில் உட்கார்ந்துதான்.

3. வாரநாட்கள், வீட்டு ஜெபம்

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டு ஜெபம். வாரம் ஒரு வீடு. ஞாயிறு மட்டும் வந்துகொண்டிருந்தால் சபை உங்களுக்குப் பழகாது, புதன்கிழமைக்கும் வாருங்கள். ஹஸ்தம்பட்டி, அழகாபுரம் பக்கம் வீடு எடுத்தால் டவுன் பஸ் வசதி இருக்கிறது. கொண்டலாம்பட்டியைத் தாண்டி வீடு என்றால் திரும்பிப் போக வண்டி ஏற்பாட்டை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

உங்கள் வீட்டில் வைக்கும் முறை வரும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், "மாசத்துக்கு ஒரு தடவை பத்துப் பேர் வருவாங்க, எட்டரைக்குப் போயிடுவாங்க" என்று. வாடகை பேசும்போதே சொல்வது நல்லது. குடிவந்த பிறகு சொன்னால் வீணான மனஸ்தாபம். ஒலிபெருக்கி எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. வீட்டு வாசலில் சபைப் பெயர் எழுதி போர்டு மாட்டாதீர்கள். வீட்டில் நாலு பேர் கூடி ஜெபிப்பது வேறு, ஒரு கட்டடத்தைப் பொது வழிபாட்டு இடமாக ஆக்குவது வேறு. இரண்டாவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். அது இல்லாமல் போர்டு மாட்டிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்.

எங்கள் சபையில் சில குடும்பங்கள் ஏற்காட்டில் எஸ்டேட் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்காக மாதத்தில் ஒரு ஞாயிறு மலைமேல் கூடுகிறோம். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிற பிள்ளைகளை வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிடவைத்தும் வேண்டாம், இரண்டு இட்லி சரியாக இருக்கும். ஞாயிறு பஸ்ஸில் சுற்றுலாக் கூட்டம் இருக்கும், காலையில் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடியுங்கள். மே மாதம் கோடை விழா நடக்கும் நாட்களில் மலைப்பாதை நெரிசலாகிவிடும், வண்டிகளை குப்பனூர் வழியே திருப்பிவிடுவதும் உண்டு. நாங்கள் அந்த வாரங்களில் மேலே போவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரியில் காபிப் பழம் பறிக்கிற வேலை மும்முரமாக இருக்கும், ஞாயிறுகூட ஓய்வு கிடைக்காது. அப்போது அவர்கள் வரவில்லை என்று குறைப்படாமல், நாம் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் அவர்கள் லைன் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

4. பழைய சபையிலிருந்து கடிதம்

அதிகம் சிக்கல் வருகிற இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

வேறு சபையில் உறுப்பினராக இருந்தவர் இங்கே சேர வேண்டுமானால் அங்கிருந்து சபை மாற்றுக் கடிதம் வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: உங்கள் முழுப் பெயர், குடும்பத்தார் பெயர், ஞானஸ்நானம் பெற்ற தேதி, திருமணத் தேதி, திருவிருந்தில் பங்குபெறும் நல்ல நிலையில் உள்ள உறுப்பினர் என்ற ஒரு வரி, போதகர் கையெழுத்து, சபை முத்திரை, தேதி. முத்திரை இல்லாத கடிதமும் தேதி இல்லாத கடிதமும் பிறகு எந்த வேலைக்கும் ஆகாது.

கடிதம் கேட்டால் சில இடங்களில் சந்தா பாக்கி என்பார்கள். சில இடங்களில் "அந்தச் சபை எங்களுக்குத் தெரியாது" என்று தட்டிக்கழிப்பார்கள். எங்களுக்கு அது மாதக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் தெரிந்துகொண்டது இது. சந்தா பாக்கி இருந்தால் தர்க்கம் பண்ணாமல் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மாற்றுக் கடிதத்தோடு ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணப் பதிவேட்டின் சான்றிட்ட நகல் இரண்டையும் அதே நாளில் சேர்த்துக் கேளுங்கள். சபையை விட்டு வந்த பிறகு இரண்டாவது முறை போய் நின்றால் அதே முகம் கிடைக்காது. பண்டிகைக் காலத்தில் போகாதீர்கள். டிசம்பரிலும் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களிலும் எந்தப் போதகருக்கும் நேரம் இருக்காது. ஜூன், ஜூலை நல்ல சமயம்.

கடிதம் கிடைக்கவே இல்லை என்றால்? அதற்காக உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். கூடுதலாக ஆறு மாதம் பார்ப்பார்கள், உங்களைத் தெரிந்த இருவர் சபை முன் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் மூப்பர் இதற்கெல்லாம் சொல்வது ஒன்றுதான்: "அவசரம் ஒண்ணுமில்லைங்க, நீங்க பாட்டுக்கு வந்துட்டு இருங்க."

5. ஞானஸ்நானம்

மென்னோனைட் சபைகளில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. பிள்ளை பிறந்தால் சபை முன் கொண்டுவந்து ஜெபித்து ஆசீர்வதிப்பார்கள், அவ்வளவுதான். தானாக விளங்கிக்கொண்டு, தானாகக் கேட்டால்தான் ஞானஸ்நானம். அதனால் பதினைந்து பதினாறு வயதுப் பையனிடம் "எப்போ எடுக்கப்போற?" என்று நச்சரிக்காதீர்கள். இங்கே அது தவறாகவே பார்க்கப்படும்.

குழந்தையில் ஞானஸ்நானம் வாங்கி, பெரியவனான பிறகு திடப்படுத்தலும் (விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் சடங்கு) பெற்று வருகிறவர்கள் என்ன செய்வது என்பது சபைக்குச் சபை மாறும். எங்கள் சபையில் உங்கள் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறார்கள். விசுவாசத்தை எல்லோர் முன்னும் அறிக்கை செய்தால் போதும். சில சபைகள் மறுபடி எடுத்தே ஆக வேண்டும் என்பார்கள். முதல் கட்டத்திலேயே கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

வகுப்பு நான்கு முதல் ஆறு மாதம், வாரம் ஒரு மணி நேரம். கட்டணம் கிடையாது. மலைப்பிரசங்கம், அதாவது மத்தேயு 5, 6, 7 அதிகாரங்கள்தான் பாதி வகுப்பு. பகைவரை நேசிப்பது, ஆணையிடாமல் (சத்தியம் செய்யாமல்) இருப்பது, பழிவாங்காமல் இருப்பது என்று ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டு நிலவரத்தோடு சேர்த்துக் கேட்பார்கள். பங்காளியோடு நிலத் தகராறு இருந்தால் அதுவும் பேச்சில் வரும்.

வேறு மதத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஞானஸ்நானம் எடுக்க தமிழ்நாட்டில் ஆட்சியர் அனுமதியெல்லாம் தேவையில்லை. 2002-இல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் சாதிச் சான்றிதழில் மாற்றம் வரும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கே பட்டியல் சாதித் தகுதி. கிறிஸ்தவரான பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பட்டியல் பழங்குடியினருக்கு மத நிபந்தனை இல்லை. ஏற்காட்டு மலையாளி சமூகத்துச் சகோதரர்கள் பலர் இதைத் தெரியாமல் பயப்படுகிறார்கள். மற்ற சமூகத்தினர் தாசில்தார் அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

"ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டு பழைய சர்ட்டிபிகேட்டையே வைச்சுக்கலாமே" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்று வாழ்ந்துகொண்டு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. வேலையும் போகும், வழக்கும் வரும். அதைவிட, உண்மையைப் பேசுவோம் என்று சபை முன் சொல்லிவிட்டுப் பொய்ச் சான்றிதழோடு வாழ்வது எப்படி? பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் இருந்தால் குடும்பமாக உட்கார்ந்து யோசித்து, தேதியை நீங்களே முடிவு பண்ணுங்கள். எந்த மூப்பரும் அவசரப்படுத்த மாட்டார். புதுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிய நாளாகலாம். பள்ளி திறக்கிற ஜூன் மாத நெரிசலுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

பெயர் மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முருகேசன் முருகேசனாகவே இருக்கலாம். ஆதார், பான், பாஸ்போர்ட், சொத்துப் பத்திரம் என்று மாற்றிக்கொண்டே போகிற அலைச்சல் யாருக்கு வேண்டும்?

ஞானஸ்நானம் முடிந்த அன்றே சான்றிதழைக் கையில் வாங்கிவிடுங்கள். பெயர் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா பாருங்கள். கல்யாணத்தின்போது இந்தக் காகிதம் வேண்டும்.

6. ஆணையிடாமல் இருப்பது

உறுப்பினரான பிறகு சத்தியப் பிரமாணம் செய்வதில்லை. கோர்ட்டில் சாட்சி சொல்லும்போதும், அபிடவிட் போடும்போதும் என்ன செய்வது என்று புதியவர்கள் குழம்புகிறார்கள். 1969-ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆணையிட விரும்பாதவர் உறுதிமொழி கூறினால் போதும். டைப் அடிக்கிறவரிடம் "சத்தியப் பிரமாணமாகக் கூறுகிறேன்" என்று வருகிற இடத்தில் "மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்" என்று அடிக்கச் சொல்லுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்கள் வழக்கமான மாதிரியை அப்படியே அடித்துவிடுவார்கள், முத்திரைத்தாளில் அடிப்பதற்கு முன் வெள்ளைத்தாளில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ராணுவம், போலீஸ் வேலை பற்றியும் கேட்பார்கள். இங்கே கட்டாய ராணுவ சேவை இல்லாததால் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. ஆனால் காவலர் தேர்வு எழுதுகிற பையன்கள், பள்ளியில் என்சிசியில் இருக்கிற பிள்ளைகள் உண்டு. யாரையும் வெளியே அனுப்பியதில்லை. உட்கார வைத்துப் பேசுவார்கள், நீங்களும் மனம்விட்டுப் பேசுங்கள்.

7. திருவிருந்தும் பாதம் கழுவுதலும்

எங்கள் சபையில் ஆண்டுக்கு இரண்டு முறைதான் திருவிருந்து. அதற்கு முந்தைய வாரம் ஆயத்த ஆராதனை. அந்த ஒரு வாரத்துக்குள் யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் போய்ப் பேசிவிட வேண்டும். முறை மத்தேயு 18-இல் இருக்கிறது: முதலில் தனியாகப் போ, அப்புறம் இருவரைக் கூட்டிக்கொண்டு போ, கடைசியில்தான் சபைக்குச் சொல். இந்த வரிசையை மாற்றி, நேரே மூப்பரிடம் புகார் சொல்லப் போனால் "அவரைப் பார்த்தீங்களா?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

திருவிருந்து முடிந்ததும் பாதம் கழுவுதல். பெண்கள் தனி அறையில், ஆண்கள் ஹாலில். எவர்சில்வர் பேசின், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் பாதத்தைக் கழுவுவார், நீங்கள் அவருடையதை. எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருப்பவர் குனிந்து, தன் கீழே கூலிக்கு வேலை செய்கிறவரின் வெடித்த குதிகாலைத் தண்ணீரில் வைத்துத் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் துண்டால் ஒற்றி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் முறை எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஷூ, சாக்ஸ் வேண்டாம், செருப்பில் வாருங்கள். பெண்கள் புடவையோ தளர்ந்த சுடிதாரோ கட்டிக்கொண்டால் வசதி. காலில் புண் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கையைக் கழுவுவார்கள்.

8. பணம்

சேர்க்கைக் கட்டணம் இல்லை, மாதச் சந்தா இல்லை. காணிக்கைப் பை வரும், போடுவதும் போடாததும் யாருக்கும் தெரியாது. தசமபாகம் கொடுக்கிறவர்கள் கவரில் போடுவார்கள். கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னும் வாசிப்பார்கள், சில்லறை வரை. வாசிக்காத சபையாக இருந்தால் சேர்வதற்கு முன் யோசியுங்கள்.

வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். ஒரு மதத்தாருக்கென்றே நடக்கும் அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு அந்தக் கழிவு பொதுவாகக் கிடைக்காது. ஜனவரியில், 21-ஆம் தேதியை ஒட்டிய ஞாயிறு உலக மென்னோனைட் சபைகள் எல்லாம் ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கிற நாள். அன்று ஆளுக்கு ஒரு மதியச் சாப்பாட்டுச் செலவைக் காணிக்கையாகக் கொடுப்பது வழக்கம். உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கணக்குத்தான், ஓட்டல் கணக்கில்லை.

கைமாற்று கேட்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். கஷ்டம் என்றால் மூப்பரிடம் சொல்லுங்கள், சபையிலிருந்து உதவுவார்கள். தனிப்பட்ட முறையில் பத்தாயிரம், இருபதாயிரம் என்று வாங்கித் திருப்பாமல் போனதால்தான் சின்ன சபைகள் உடைகின்றன.

9. கல்யாணம்

இதற்கு ஆறு மாதம் முன்னாலேயே ஆரம்பியுங்கள். மண்டபம் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: எங்கள் போதகருக்குத் திருமணம் நடத்தி வைக்கும் லைசென்ஸ் இருக்கிறதா? 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதிகாரம் பெற்றவர் நடத்தினால்தான் அந்தத் திருமணம் செல்லும். சின்ன சபைப் போதகர் பலருக்கு இந்த லைசென்ஸ் இருக்காது. பத்திரிகை அடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு தவித்த குடும்பங்கள் உண்டு. போதகர் என்ன சொல்வாரோ என்று கூச்சப்படாமல் லைசென்ஸ் நகலையே கேளுங்கள், அவர் தப்பாக நினைக்க மாட்டார்.

லைசென்ஸ் இல்லை என்றால் இரண்டு வழி. லைசென்ஸ் உள்ள வேறு சபைப் போதகரை அழைத்து அவர் கையால் நடத்துவது ஒன்று. அவர் சபை விதிகள் என்ன கேட்கும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள், சிலர் இருவருமே தங்கள் முறைப்படி திடப்படுத்தல் பெற்றிருக்க வேண்டும் என்பார்கள். இன்னொன்று, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் முடித்துவிட்டு, சபையில் ஆசீர்வாத ஆராதனை மட்டும் வைப்பது. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். அந்த 30 நாளைக் கணக்கில் வைக்காமல் தேதி குறிக்காதீர்கள்.

கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடத்தும்போது பொதுவாகக் காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் இடையில்தான் நடத்த வேண்டும், ஆராதனையை ஐந்தரைக்குள்ளாவது ஆரம்பித்துவிடுங்கள். மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 நிரம்பியிருக்க வேண்டும், சாட்சிகள் குறைந்தது இருவர். கையில் இருக்க வேண்டியவை: இருவரின் ஞானஸ்நானச் சான்றிதழ், வயதுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள், பெண் வேறு சபை என்றால் அங்கிருந்து தடையில்லாக் கடிதம். துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ், விவாகரத்தானவர் என்றால் தீர்ப்பு நகல்.

சபைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடியவில்லை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மேல் 60 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். இந்தப் பதிவுக்கு எந்த மதமும் விலக்கில்லை. பத்திரிகை இரண்டைப் பத்திரமாக எடுத்துவையுங்கள், கேட்பார்கள்.

விருந்து எளிமையாகத்தான் இருக்கும். பேண்டு, பட்டாசு, வரதட்சணை மூன்றும் கிடையாது. சம்பந்தி வீட்டார் வேறு சபை என்றால் நிச்சயத்தின்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

10. அடக்கம்

இதைக் கேட்க யாருக்கும் மனசு வராது, ஆனால் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கேட்டுவிட வேண்டியது. சின்ன சபைக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் இருக்காது. பெரிய சபைகளின் கல்லறைத் தோட்டத்தில் தங்கள் உறுப்பினர்களுக்கு மட்டும் என்ற விதி இருக்கும். நீங்கள் மாற்றுக் கடிதம் வாங்கி வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். வீட்டில் வயதானவர்கள் இருந்து, தாத்தா பாட்டி அடக்கம் பண்ணின இடத்திலேயே தங்களையும் வைக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டால், அவர்கள் பெயரை மட்டும் பழைய சபையிலேயே விட்டுவையுங்கள். இதைக் கள்ளத்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இரண்டு போதகர்களுக்கும் தெரிய வைத்துச் செய்தால் போதும். மற்றவர்களுக்கு மாநகராட்சி இடுகாடு இருக்கிறது. எந்த இடம், யாரிடம் சாவி, குழி வெட்டுகிறவர் யார் என்று மூப்பரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

வீட்டில் இறந்தால், பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று அன்றே வாங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இறந்தால் உடலை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. வெளியாள் யாராவது வண்டி பேசித் தருகிறேன் என்று வந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிட்ட பிறகு முடிவெடுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும், இல்லையென்றால் வங்கியிலும் பட்டாவிலும் திருத்தத் திருத்த ஓடவேண்டியிருக்கும்.

சமையல், பந்தல், வந்தவர்களுக்குக் காபி எல்லாம் சபை பார்த்துக்கொள்ளும். மூன்று நாளைக்கு உங்கள் வீட்டில் அடுப்பு எரிய விடமாட்டார்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டியது இறந்தவரின் ஆதார், ரேஷன் கார்டு, டாக்டர் சான்று, இந்த மூன்றும்தான். மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.